தளபதி கேட்ட கணக்கு

அமெரிக்கக் கொடிக்காக 33 ஆண்டுகள் போரிட்டவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை இருமுறை பெற்றவர். அந்த ஸ்மெட்லி பட்லர் ஓய்வுபெற்றதும் போருக்கு எதிராகவே ஊர் ஊராகப் பேசினார். ஒரு படைவீரரின் தேசபக்தி மாறிய கதை இது.

1935 நவம்பரில் 'காமன் சென்ஸ்' என்ற அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் மரைன் படையின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். தான் செய்த வேலைகளை அதில் வரிசையாகப் பட்டியலிட்டிருந்தார். ஹோண்டுராஸில் பழ வியாபாரக் கம்பெனிகளுக்காக, மெக்சிகோவில் எண்ணெய் முதலாளிகளுக்காக, ஹைட்டியிலும் கியூபாவிலும் நேஷனல் சிட்டி வங்கிக்காக, நிகராகுவாவில் பிரவுன் பிரதர்ஸ் வங்கிக்காக, டொமினிக்கன் குடியரசில் சர்க்கரை வியாபாரிகளுக்காக, சீனாவில் ஸ்டாண்டர்டு ஆயிலுக்காக. நாட்டுக்குச் சேவை செய்வதாக நம்பிய காலமெல்லாம் பெருமுதலாளிகளின் அடியாளாகத்தான் இருந்திருக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். தன்னோடு ஒப்பிட்டால் சிகாகோவின் தாதா அல் கபோன் சிறு ஆள் என்பது அவர் கணக்கு.

வெளியே நின்று பட்டாளத்தைப் பழிக்கும் ஒருவர் இதை எழுதியிருந்தால் அமெரிக்கா காதில் போட்டுக்கொண்டிருக்காது. எழுதியவர் ஸ்மெட்லி டார்லிங்டன் பட்லர். 1940இல் அவர் இறந்தபோது மரைன் படையின் வரலாற்றில் அவரளவுக்குப் பதக்கம் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. தனித்தனிச் செயல்களுக்காக 'மெடல் ஆஃப் ஆனர்' விருதை இருமுறை பெற்ற மரைன் வீரர்கள் இன்றுவரை இருவர்தான். அவர்களில் ஒருவர் இவர். ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள அமெரிக்க மரைன் தளங்கள் இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இப்படிப்பட்டவர் ஏன் மாறினார் என்று கேட்பது எளிது. எதில் மாறினார், எதில் கடைசிவரை மாறவே இல்லை என்று பார்ப்பதில்தான் அவர் வாழ்க்கையின் பாடம் இருக்கிறது.

வயதைக் கூட்டிச் சொன்ன பையன்

பட்லர் பிறந்தது 1881 ஜூலை 30, பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டரில். குடும்பம் குவேக்கர் மரபைச் சேர்ந்தது. ஆயுதம் ஏந்துவதை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு அது. அப்பா தாமஸ் பட்லர் நாடாளுமன்ற உறுப்பினர். பின்னாளில் கீழவையின் கடற்படைக் குழுவுக்கே தலைவரானவர். 

1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. ஸ்பெயின்தான் காரணம் என்று பத்திரிகைகள் முழங்க, நாடே கொதித்தது. பட்லருக்கு அப்போது பதினாறு வயது. வயதைக் கூட்டிச் சொல்லி மரைன் படையில் சேர்ந்தார். கியூபாவின் குவாண்டனாமோவுக்குப் போனார். அடுத்து பிலிப்பைன்ஸ். அங்கே மரைன் படையின் சின்னத்தைத் தன் மார்பு முழுக்கப் பச்சை குத்திக்கொண்டார்.

1900இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி. தியென்ட்சின் நகரை வளைத்த சண்டையில், குண்டடிபட்டு விழுந்த இன்னொரு அதிகாரியை மீட்கப் போனபோது பட்லரின் தொடையில் குண்டு பாய்ந்தது. காட்டிய வீரத்துக்காகப் பத்தொன்பது வயது முடியுமுன்பே கேப்டன் தகுதி கிடைத்தது. கொடி எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போவது. எதற்கு என்று கேட்பது சிப்பாயின் வேலையல்ல. பட்லர் முழுமனதாக நம்பிய தேசபக்தி அப்போது இதுதான்.

மலைக்கோட்டையின் வடிகால்

இந்த நம்பிக்கைக்குள் சந்தேகம் எப்போது நுழைந்தது? ஓய்வுக்குப் பின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1912இலேயே அதன் தடம் தெரிகிறது. நிகராகுவாவில் அமெரிக்காவுக்கு உகந்த அரசைக் காப்பாற்றும் சண்டையில் இருந்தபோது, பிரவுன் பிரதர்ஸ் வங்கி இந்த நாட்டில் பணம் போட்டிருக்கிறது என்பதற்காக நம் ஆட்கள் சாகிறார்களே என்று அவர் வீட்டுக்கு எழுதினார். அதே கடிதத்தில் நிகராகுவா மக்களை இழிசொல்லால் குறிப்பிடவும் செய்தார். தன் சிப்பாய்கள் மீது பாசம், உள்ளூர் மக்கள் மீது ஏளனம்: இரண்டும் அந்த மனிதரிடம் ஒன்றாகவே இருந்தன. 

1914இல் மெக்சிகோவின் வேராக்ரூஸ் துறைமுகத்தை அமெரிக்கா பிடித்தது. அந்தச் சண்டைக்காகத்தான் அவருக்கு முதல் 'மெடல் ஆஃப் ஆனர்' கிடைத்தது. இதற்குத் தகுதியாக நான் எதையும் செய்யவில்லை என்று சொல்லி அவர் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். வைத்துக்கொள், அணிந்தும் கொள் என்று மேலிடம் உத்தரவிட்டது.

இரண்டாவது பதக்கம் ஹைட்டியில் வந்தது. 1914 டிசம்பரில் அந்நாட்டு வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை மரைன் வீரர்கள் 'மச்சையஸ்' என்ற போர்க்கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டு போயிருந்தார்கள். 1915 ஜூலையில் ஹைட்டி அதிபரைக் கலகக் கூட்டம் கொன்றது. ஜூலை 28 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கியது. 'காக்கோ' எனப்பட்ட நாட்டுப்புறக் கிளர்ச்சியாளர்கள் மலைகளில் ஒளிந்து எதிர்த்தார்கள்.

அவர்களின் கடைசி அரண்களில் ஒன்று, வடக்கு மலை உச்சியில் இருந்த ரிவியேர் கோட்டை. நவம்பர் 17 அன்று பட்லரின் ஆட்கள் அதைச் சுற்றி வளைத்தார்கள். வாசல் அடைபட்டிருந்தது. உள்ளே நுழைய இருந்த ஒரே வழி, மதிலடியில் இருந்த ஒரு குறுகிய வடிகால். உள்ளேயிருந்து ஒருவன் அதற்குள் சுட்டுக்கொண்டே இருந்தான். ராஸ் ஐயம்ஸ் என்ற சார்ஜென்ட் முதலில் ஊர்ந்து போனார். அடுத்து சாமுவேல் கிராஸ் என்ற சிப்பாய். மூன்றாவதாக பட்லர். உள்ளே நடந்த கைகலப்பு கால்மணி நேரத்தில் முடிந்தது. காக்கோக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் ஒருவருக்குக் கல்லடி. பிறகு கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1917இல் கடற்படைத் துணைச் செயலராக ஹைட்டிக்கு வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த இடிபாடுகளைப் பார்த்துவிட்டுப் போனார். வடிகாலுக்குள் ஊர்ந்து போன மூவருக்கும் 'மெடல் ஆஃப் ஆனர்' கிடைத்தது.

பதக்கக் குறிப்பில் எழுதப்படாத பகுதியும் உண்டு. ஹைட்டியில் அமெரிக்கர்கள் உருவாக்கிய 'ஜெண்டர்மெரி' காவல் படைக்கு பட்லர்தான் முதல் தலைவர். அடிமைத்தளையை உடைத்து 1804இல் விடுதலை பெற்ற நாடு அது; வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று தனக்குக் காப்பு விதி போட்டுக்கொண்டது. அந்த விதியை நீக்க அமெரிக்கா விரும்பிய அரசியலமைப்பை அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. 1917 ஜூனில் பட்லர் படையோடு போய் அவையைக் கலைத்தார். சாலை போட விவசாயிகளைக் கூலியில்லாக் கட்டாய ஊழியத்துக்குப் பிடித்துப் போகும் பழைய சட்டம் ஒன்று தூசி தட்டி எடுக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். சாலை வந்தது. அதன் கோபத்திலிருந்து சார்லமேன் பெரால்ட்டின் தலைமையில் அடுத்த கிளர்ச்சியும் வந்தது. அமெரிக்கப் படை ஹைட்டியை விட்டு வெளியேற 1934 ஆனது.

பிரெஸ்ட் துறைமுகத்துச் சேறு

முதல் உலகப்போரில் முன்னணிக்குப் போகத் துடித்தவருக்குக் கிடைத்தது, 1918 அக்டோபரில், பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தை ஒட்டிய பொன்டனேசன் முகாம். அமெரிக்காவிலிருந்து வரும் படைகள் இறங்குவதும், போர் முடிந்து ஊர் திரும்பும் படைகள் கப்பலுக்குக் காத்திருப்பதும் அங்கேதான். முகாம் முழுக்க முழங்கால் சேறு. கூடாரங்கள் நனைந்து கிடந்தன. விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகக் கிடங்கில் பதுங்குகுழித் தரையில் போடும் மரச்சட்டப் பலகைகள் குவிந்து கிடந்தன. போர் முடிந்ததால் அவற்றுக்கு வேலை இல்லை. பட்லர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தானே ஒரு பலகையைத் தோளில் வைத்து வரிசைக்கு முன்னால் நடந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். சிப்பாய்கள் சேற்றில் படாமல் நடக்கப் பாதை கிடைத்தது. சூடான சூப், காய்ந்த போர்வை, ஒழுங்கான கழிப்பறை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜெனரலுக்குப் 'பலகைக்காரக் கிழவர்' என்ற செல்லப்பெயரும் வந்தது.

பட்லரின் மாற்றத்துக்கான விதையை நான் இந்த முகாமில்தான் பார்க்கிறேன். அதுவரை அவர் சிப்பாய்களைச் சண்டைக்குள் அழைத்துப்போனவர். இங்கே சண்டையிலிருந்து வெளியே வந்தவர்களை நாள்தோறும் கண்ணெதிரே பார்த்தார். போருக்குப் போகும்போது வாத்தியம் முழங்கும். திரும்பி வருகிறவனுக்குச் சேற்றில் ஒரு பலகை போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வாஷிங்டனில் ஒரு ஜூலை 28

1929 டிசம்பரில், இன்னும் சீருடையில் இருந்தபோதே, பிட்ஸ்பர்க் நகரில் பேசிய பட்லர் நிகராகுவாத் தேர்தல்கள் எப்படி நடத்தப்பட்டன என்பதைப் போட்டு உடைத்தார். நமக்கு வேண்டிய ஆள் ஜெயிப்பதற்காக எதிர்த்து நின்றவர்கள் கொள்ளைக்காரர்களாக அறிவிக்கப்பட்டார்கள் என்றார். மேலிடம் கண்டித்தது. அடுத்த ஆண்டு மரைன் படையின் தலைமைப் பதவி காலியானபோது, மேஜர் ஜெனரல்களில் மூத்தவரான அவர் ஒதுக்கப்பட்டார். 1931 ஜனவரியில், முசோலினியின் கார் ஒரு குழந்தையை மோதிவிட்டு நிற்காமல் போனதாக நண்பர் சொன்ன சம்பவத்தை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். இத்தாலி எதிர்ப்புத் தெரிவித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பட்லரைக் கைதுசெய்து ராணுவ விசாரணைக்கு உத்தரவிட்டது. பொதுமக்களின் கோபத்தைப் பார்த்துப் பின்வாங்கி, ஒரு கண்டனக் கடிதத்தோடு முடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று பட்லர் ஓய்வுபெற்றார்.

பதவி கிடைக்காத ஆத்திரத்தில்தான் அப்படிப் பேசினார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆத்திரம் இருந்திருக்கலாம். ஆனால் 1912இல் எழுதிய கடிதமும் 1929இல் பேசிய பேச்சும் அந்த ஏமாற்றத்துக்கு முந்தியவை. பதவி போனது அவருக்குப் புதிதாக ஒரு கருத்தைத் தரவில்லை. ஏற்கெனவே இருந்த கருத்தை வாய்விட்டுச் சொல்லும் சுதந்திரத்தைத் தந்தது.

1932இல் அந்தச் சுதந்திரத்துக்கு வேலை வந்தது. உலகப்போரில் பணியாற்றியவர்களுக்கு ஈட்டுத்தொகை தருவதாக 1924இல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. உள்நாட்டில் பணியாற்றிய நாளுக்கு 1 டாலர், வெளிநாட்டில் என்றால் 1.25 டாலர். ஆனால் கைக்குப் பணம் வருவது 1945இல். இடையே பெருமந்தம் வந்து வேலையெல்லாம் போயிற்று. பசிக்குப் பதில் சொல்ல 1945 வரை காத்திருக்க முடியுமா? இருபதாயிரம் பேர்வரை வாஷிங்டனில் திரண்டு, அனகோஸ்டியா ஆற்றங்கரையில் தகரத்தாலும் அட்டையாலும் குடிசை போட்டுத் தங்கினார்கள். பலர் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். பணத்தை உடனே தரும் மசோதாவைக் கீழவை ஏற்றது. ஜூன் 17 அன்று செனட் தள்ளிவிட்டது. 

ஜூலை 19 அன்று பட்லர் மகனோடு அந்த முகாமுக்குப் போனார். மேடையேறி, எஃகு கம்பெனிகள் வாஷிங்டனுக்கு வந்து தங்கள் காரியத்தைக் கேட்கலாம் என்றால் உங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றார். சட்டத்தை மீறாதீர்கள், மீறினால் நாட்டின் அனுதாபத்தை இழந்துவிடுவீர்கள் என்றும் எச்சரித்தார். இரவு அங்கேயே தங்கி, காலையில் அவர்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். 

ஒன்பதே நாளில், ஜூலை 28 அன்று, போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் உயிரிழந்தார்கள். பிறகு ஜெனரல் மெக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்குகளும் வந்தன. கண்ணீர்ப்புகை வீசி முன்னாள் வீரர்களை விரட்டியடித்தார்கள். முகாம் தீயில் எரிந்தது. ஹைட்டியில் படை இறங்கிய அதே ஜூலை 28. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாட்டின் படை தன் பழைய சிப்பாய்கள் மீதே ஏவப்பட்டது. வாழ்நாள் முழுதும் குடியரசுக் கட்சிக்காரராக இருந்த பட்லர், அந்தத் தேர்தலில் அதிபர் ஹூவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

ஹோட்டல் அறையில் பதினெட்டு நோட்டுகள்

முன்னாள் வீரர்கள் நடுவே பட்லருக்கு இருந்த செல்வாக்கை வேறு சிலரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1933இல் ஜெரால்டு மெக்குவயர் என்ற கடன்பத்திரத் தரகர் அவரைத் தேடி வரத் தொடங்கினார். படைவீரர் மாநாட்டில் தங்க நாணய முறைக்கு ஆதரவாகப் பேசவேண்டும் என்பது கோரிக்கை. பட்லர் பிடிகொடுக்கவில்லை. செப்டம்பரில் நெவார்க் நகர ஹோட்டல் அறைக்கு வந்த மெக்குவயர், ஆயிரம் டாலர் நோட்டுகள் பதினெட்டை எடுத்துக் கட்டிலில் போட்டார் என்பது பட்லரின் சாட்சியம். அவர் அதைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு பேரம் பெரிதானது. 5 லட்சம் முன்னாள் வீரர்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு நடத்திப் போகவேண்டும். அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஆட்சியைக் கையிலெடுக்க வேண்டும். பட்லர் ஒரு பத்திரிகையாளரைத் துணைக்கு அழைத்து விஷயத்தை உறுதிசெய்துகொண்டு, 1934 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் எல்லாவற்றையும் சொன்னார். மெக்குவயர் மறுத்தார். பெரிய பத்திரிகைகள் கேலி செய்தன. குழுவோ, பட்லரின் முக்கியக் கூற்றுகளைச் சரிபார்க்க முடிந்தது என்று 1935 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை.

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு பட்லரின் தேசபக்தியைப் பேச முடியாது. கோபம் இருந்தது, கூட்டம் இருந்தது, பணம் தர ஆளும் இருந்தார்கள். சர்வாதிகாரியாக வேறென்ன வேண்டும்? அவர் நேராக நாடாளுமன்றத்திடம் போனார். அரசியலமைப்பைக் காப்பேன் என்று பதினாறு வயதில் எடுத்த உறுதிமொழி அவரிடம் கடைசிவரை அப்படியே இருந்தது.

முப்பது டாலர் சம்பளச் சீட்டு

1935இல் 'போர் ஒரு பகல்கொள்ளை' என்று பொருள்படும் தலைப்பில் பட்லர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் பலம், சிப்பாயின் சம்பளத்தையும் முதலாளியின் லாபத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது. வெடிமருந்து தயாரித்த டூபாண்ட் நிறுவனம் போருக்கு முன் ஆண்டுக்குச் சராசரி 60 லட்சம் டாலர் சம்பாதித்தது. போர்க்காலத்தில் அது 5 கோடியே 80 லட்சமானது என்று அவர் கணக்குக் காட்டுகிறார். 

எதிர்ப்பக்கத்தில் சிப்பாய். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பாதி வீட்டுக்குப் போகும். காப்பீட்டுக்கு 6 டாலர் பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தில் போர்க்கடன் பத்திரம் வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். நூறு டாலர் கொடுத்து வாங்கிய பத்திரத்தை, ஊர் திரும்பி வேலை கிடைக்காத நாளில் 84க்கும் 86க்கும் விற்றான். சரிந்த விலைக்கு வாங்கிவைத்த வங்கிகள் பிற்பாடு லாபம் பார்த்தன. பணத்தில் சேராத செலவும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் மேரியன் அரசு மருத்துவமனையில் பட்லர் கண்ட இளைஞர்கள், மனம் சிதைந்து, இரும்புக் கம்பியடித்த கட்டடங்களுக்குள் அடைபட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தும் செத்தவர்கள் என்றே அவர்களை அவர் கருதினார்.

தீர்வாகச் சில யோசனைகள் சொன்னார். இளைஞர்களைப் படைக்குப் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஆலையையும் மூலதனத்தையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாளியும் மந்திரியும் தளபதியும் சிப்பாய் வாங்கும் அதே 30 டாலரில் வாழவேண்டும். போருக்குப் போகவேண்டியவர்களிடம் மட்டும் வாக்கெடுத்துப் போரை முடிவுசெய்ய வேண்டும். படைகள் நாட்டின் எல்லையைக் காக்க மட்டுமே இருக்கவேண்டும். மக்கள் வாக்கின்றிப் போர் கூடாது என்ற எண்ணம் தனி ஆளின் கனவாக நிற்கவில்லை. அதைச் சார்ந்த லட்லோ திருத்தத்தை அவையில் விவாதத்துக்கு எடுப்பதா என்று 1938 ஜனவரியில் கீழவை வாக்களித்தபோது, 188 பேர் ஆதரித்தார்கள். 209 பேர் எதிர்த்தார்கள்.

அவர் கணக்கில் விடுபட்டவர்கள்

பட்லரை நேசிக்கிறவர்கள் அவர் தவறியதையும் பேசவேண்டும். அவருடைய ஒப்புதல் பட்டியலில் வங்கிகளின் பெயர் இருக்கிறது, அமெரிக்கச் சிப்பாயின் துயரம் இருக்கிறது. சாலை போடப் பிடித்துச் செல்லப்பட்ட ஹைட்டி விவசாயிக்கு அதில் போதிய இடமில்லை. கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்கும் இல்லை. சிப்பாய் ஏமாற்றப்பட்டான் என்பது உண்மைதான். ஏமாற்றப்பட்டவன் சுட்ட குண்டுக்கு ஆளானவனின் கணக்கு அதைவிடப் பெரியது.

இன்னொன்று, ஹிட்லர். எல்லாப் போரும் வியாபாரப் போரே என்ற சூத்திரம் 1917க்குப் பொருந்திய அளவுக்கு 1939க்குப் பொருந்தவில்லை. ஐரோப்பாவின் சண்டையில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்று கடைசிவரை சொல்லிவந்த பட்லர், 1940 ஜூன் 21 அன்று பிலடெல்பியா கடற்படை மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் பிரான்ஸ் ஹிட்லரிடம் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நாஜிகளின் வதைமுகாம்கள் முழுதாக வெளிச்சத்துக்கு வந்த காலத்தைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் அவருக்காகச் சொல்ல முடியாது.

விடை சில இடங்களில் தவறியது, கேள்வி தவறவில்லை. போரில் யாருக்கு லாபம், யார் தலையில் செலவு, முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றையும் அவர் சிப்பாயின் இடத்தில் நின்று கேட்டார். நியாயமான போர் என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அதற்குத் தயக்கம் இருக்காது. நாட்டைக் காக்கும் சண்டை எது, கம்பெனியின் கடனை வசூலிக்கும் சண்டை எது என்று பிரித்தறிய வேறு வழியும் இல்லை.

படைவீரரைப் போற்றுவதும் அவர் பேச்சை அடக்குவதும் பல நாடுகளில் ஒன்றாகவே நடக்கின்றன. எல்லையில் நிற்கும்வரை தியாகி. திரும்பி வந்து பென்ஷன் கேட்டால் தொல்லை. போரைப் பற்றியே கேள்வி கேட்டால் துரோகி. பட்லர் இந்த மூன்று பட்டங்களையும் ஒரே ஆயுளில் வாங்கியவர். அவர் கேட்ட ஈட்டுத்தொகையை ரூஸ்வெல்ட்டின் தடையையும் மீறி 1936இல் நாடாளுமன்றம் கொடுத்தது. துப்பாக்கி ஏந்தி அல்ல, விடாமல் பேசியும் வாக்குப் போட்டும் முன்னாள் வீரர்கள் பெற்ற வெற்றி அது. தேசபக்தி என்பது பதினாறு வயதில் ஒருமுறை எடுத்து முடித்துவிடும் முடிவாக இருக்கத் தேவையில்லை. ஐம்பது வயதில் உண்மை தெரிந்தபின் அதைத் திருத்தி எழுதும் துணிவும் தேசபக்திதான். பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் எந்தச் சமூகமும், அனுப்புவதற்கு முன் அரசிடம் கணக்குக் கேட்கவேண்டும். அவர்கள் திரும்பி வந்தபின் அவர்கள் சொல்லும் கணக்கைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும்.